வோலே தலாபியின் எழுத்து வாழ்வில் எவை மைல்கற்கள்?

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உங்கள் கல்லூரி வாசகர் வட்டத்தில் ஆப்பிரிக்க அறிபுனை (அறிவியல் புனைவு) பற்றி ஓர் அமர்வு நடத்த இருக்கிறீர்கள். எழுத்தாளராகவும் தொகுப்பாசிரியராகவும் இருக்கும் ஒருவரின் பாதையை எடுத்துப் பேச வேண்டும் என்று நைஜீரியாவின் வோலே தலாபியைத் தேர்ந்திருக்கிறீர்கள். இணையத்தில் தேடினால் விருது, பரிந்துரை, இறுதிப்பட்டியல் என்று நீளமாக ஒரு வரிசை வருகிறது. அதில் எதெல்லாம் மைல்கல், எதெல்லாம் அலங்காரம், எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிசையில் எந்த வரிக்கு எவ்வளவு கனம், அதில் வராமலே போன முக்கியமானவை எவை என்பதுதான் நீங்கள் கேட்பதன் சாரம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் சிறுகதைத் தொகைநூல்களுக்கு ஆசிரியர் வேலை பார்ப்பவன். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பதும் உண்டு. ஆப்பிரிக்க அறிபுனையைப் பல வருடங்களாக விடாமல் வாசித்து வருகிறேன். ஆனால் வாசிப்பெல்லாம் ஆங்கிலத்தில் வந்தவை மட்டும்தான். ஹவுசாவிலும் ஸ்வாஹிலியிலும் யொரூபாவிலும் எழுதப்படுவது எனக்கு எட்டாது. தலாபியை நேரில் தெரியாது. அச்சில் வந்ததை வைத்துத்தான் சொல்கிறேன். எது பதிவு, எது என் அபிப்பிராயம் என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டிவிடுகிறேன்.

அவரிடம் வருவதற்கு முன் அவர் எழுத வந்த காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மைல்கற்களின் அளவே பிடிபடாது. ஆப்பிரிக்காவில் மாயமும் அற்புதமும் கலந்த கதை புதிது ஒன்றும் இல்லை. யொரூபா மொழியில் ஃபகுன்வாவின் காட்டு வேட்டைக்காரன் நாவல் 1938-ல் வந்தது. ஆமோஸ் டுடுவோலாவின் ‘தி பாம்-வைன் ட்ரிங்கார்ட்’ 1952-ல் லண்டனில் வெளியானது. ஆனால் ‘நாங்கள் எழுதுவது அறிபுனை’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு தலைமுறை ஒன்றுகூட இடம் இல்லாமல் இருந்தது. 2012-ல் ஜிம்பாப்வேக்காரரான ஐவர் ஹார்ட்மன் ‘ஆஃப்ரோஎஸ்எஃப்’ என்ற தொகைநூலைக் கொண்டுவந்தார். அதில் எல்லாருமே ஆப்பிரிக்க எழுத்தாளர்கள். 2014-ல் மாஸி ந்வோன்வுவும் சினெலோ ஒன்வாலுவும் ‘ஒமெனானா’ என்ற இணைய இதழைத் தொடங்கினார்கள். அறிபுனை, மாயக்கதை, திகில் எல்லாவற்றையும் சேர்த்து ஊகப்புனைவு என்பார்கள். அதற்கென்று ஆப்பிரிக்க ஊகப்புனைவுச் சங்கம் அமைந்து, 2017-ல் ‘நொம்மோ’ விருதுகளை முதன்முறையாக வழங்கியது. டேட் தாம்ப்ஸனின் ‘ரோஸ்வாட்டர்’ அந்த முதல் வருடத்தின் நாவல் விருதைப் பெற்றது. தொகைநூல், இதழ், விருது மூன்றும் ஐந்தே வருடத்துக்குள் முளைத்தவை. தலாபி இந்த ஐந்து வருடத்துக்குள் வளர்ந்தவர், அவற்றைக் கட்டியவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்.

தொழிலால் அவர் பொறியாளர். நைஜீரியாவில் பிறந்து, மலேசியாவில் வேலை பார்த்து, பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். கதைத் தலைப்புகளிலும் நூல் தலைப்புகளிலுமே அந்தத் தொழில் தெரியும்: ‘தி ரிக்ரெஷன் டெஸ்ட்’, ‘டிரிஃப்ட்-ஃபிளக்ஸ்’, ‘இன்கம்ப்ளீட் சொல்யூஷன்ஸ்’, ‘கன்வர்ஜென்ஸ் பிராப்ளம்ஸ்’. கணினியில் சமன்பாடு தீர்த்துப் பார்த்து எரிச்சலடைந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் சட்டென்று பிடிபடும்.

இனி முதல் முக்கியமான விஷயம். எழுதிப் பெயர் வாங்கிய பிறகு தொகுக்க வருவதுதான் வழக்கமான வரிசை. தலாபி அப்படி இல்லை. ‘லைட்ஸ் அவுட்: ரிசரெக்‌ஷன்’ என்ற நைஜீரியத் திகில் தொகுப்பை அவர் தொகுத்து வெளியிட்டது 2016-ல். அவருடைய ‘வெனஸ்டேஸ் ஸ்டோரி’ அமெரிக்க இணைய இதழான ‘லைட்ஸ்பீட்’டில் வந்ததும் அதே 2016-ல்தான். ஆக, இரண்டு வேலையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்திருக்கின்றன. தொகுப்பு வேலை என்ன செய்யும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களின் சரியில்லாத கதைகளை நூற்றுக்கணக்கில் படித்து, எது எங்கே தொய்கிறது என்று காரணம் சொல்லி மறுக்கப் பழகினால், உங்கள் கதையின் மூன்றாவது பக்கம் தொய்வது உங்களுக்கே கேட்க ஆரம்பித்துவிடும். தலாபியின் ஆரம்பகாலக் கதைகளுக்கும் பிற்காலக் கதைகளுக்கும் இடையே கட்டமைப்பில் வந்திருக்கும் இறுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் வாசித்துப் பார்த்தால் நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள் என்று தோன்றுகிறது.

‘வெனஸ்டேஸ் ஸ்டோரி’யை உங்கள் அமர்வில் கொஞ்சம் நின்று பேசலாம். வாரத்தின் ஏழு நாள்களும் கதை சொல்லும் ஆட்களாக வருகிறார்கள். திங்களில் பிறந்து ஞாயிற்றுக்கிழமை புதைக்கப்படும் சாலமன் கிரண்டி என்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஆசாமியின் கதையைப் புதன் சொல்கிறாள். சொல்வதோடு நிற்காமல் கதைக்குள் கை வைக்கப் பார்க்கிறாள். இந்தக் கதை 2018-ல் கெய்ன் பரிசின் ஐந்து பேர் கொண்ட குறும்பட்டியலில் இடம்பெற்றது. பரிசு கென்யாவின் மாகெனா ஒன்ஜெரிகாவுக்குப் போனது. பரிசு கிடைக்காததால் ‘வெறும் குறும்பட்டியல்’ என்று கடந்து போகாதீர்கள். கெய்ன் என்பது ஆப்பிரிக்கச் சிறுகதைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெரிய பரிசு. நடுவர் குழு தேர்ந்தெடுப்பது, கதைகளைப் பதிப்பாளர்கள்தான் அனுப்ப வேண்டும், அறிபுனைக்கென்று தனி இடம் கிடையாது. வறுமை, போர், புலம்பெயர்வு என்று எதார்த்தக் கதைகளுக்கே பெரும்பாலும் இடம் கொடுத்த மேடையில், ஓர் அறிபுனை இதழில் வெளியான, கிழமைகள் பேசும் கதை வந்து நின்றது. அறிபுனை வட்டத்துக்குள் கிடைக்கும் பத்துப் பரிந்துரைகளைவிட இந்த ஒன்றுக்கு நான் அதிக எடை தருவேன்.

அதே 2018-ல் ‘தி ரிக்ரெஷன் டெஸ்ட்’ நொம்மோ சிறுகதை விருதை வென்றது. 2017-ன் தொடக்கத்தில் ‘ஃபேன்டஸி அண்ட் சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழில் வந்த கதை அது. இறந்துபோன ஒரு பெரிய விஞ்ஞானியின் மனத்தை நகலெடுத்து இயந்திரத்தில் வைத்திருக்கிறார்கள். நிறுவனம் இன்னும் அதனிடம்தான் யோசனை கேட்கிறது. வருடங்கள் போகப் போக அந்த நகல் மாறிவிட்டதா, இன்னும் அது அந்த அம்மாதானா என்று சோதித்துச் சொல்ல அவருடைய வயது முதிர்ந்த மகளைக் கூப்பிடுகிறார்கள். சின்னக் கதைதான், ஒரு மூச்சில் வாசித்துவிடலாம். அதன் முடிவை நான் சொல்லப் போவதில்லை. மூத்தோரிடம் கேட்காமல் முக்கியமான முடிவை எடுக்காத ஒரு சமூகத்தில், அந்த மூத்தோர் சர்வரில் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவரிடம் இங்கே தொடங்குகிறது. பின்னால் பெரிதாகித் திரும்பி வருகிறது, அதைச் சொல்கிறேன். நொம்மோவை ஆப்பிரிக்க ஊகப்புனைவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தருகிறார்கள். அதாவது சக எழுத்தாளர்களும் தொகுப்பாளர்களும் கொடுப்பது. வெளிநாட்டு விருதுகளுக்குப் பக்கத்தில் வைத்து இதைச் சின்னதாகக் காட்டும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். அது சரியான அளவுகோல் அல்ல.

விருதுப் பட்டியலில் வராத ஒரு வேலையை இப்போது சொல்ல வேண்டும். என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு இதுதான், இதற்கு எந்த விருதும் கிடையாது. ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் ஊகப்புனைவு எங்கெங்கே வெளியாகிறது என்று கதை, எழுத்தாளர், இதழ், வருடம் என்று ஒரு பட்டியலை அவர் தொகுத்துப் பராமரித்து வந்தார். அது ஆப்பிரிக்க ஊகப்புனைவுச் சங்கத்தோடு இணைந்த தரவுத்தளமாகப் பலருக்கும் பயன்பட்டது. பிறகு அந்தத் தரவை வைத்தே, இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்று ஒரு கட்டுரையும் எழுதினார். கேட்க சலிப்பான வேலையாகத் தெரியும். ஆனால் ஒரு தொகைநூலுக்கு ஆசிரியராக உட்கார்ந்தால் முதல் தலைவலி, யார் யார் எழுதுகிறார்கள், எதில் எழுதுகிறார்கள் என்பதே தெரியாததுதான். கதைகள் நாலைந்து நாட்டு இதழ்களில், சில மூடப்பட்ட இணையதளங்களில், சில யாருக்கும் கிடைக்காத அச்சுத் தொகுப்புகளில் சிதறிக் கிடக்கும். விருதுக்குப் பரிந்துரைக்க வேண்டுமென்றால்கூட அந்த வருடம் எது வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் இருந்தால் பரிந்துரைப்பவருக்கும் தொகுப்பாசிரியருக்கும் ஆய்வு மாணவருக்கும் ஒரே நாளில் வழி திறந்துவிடும். தமிழில் சிறுபத்திரிகைக் கதைகளைத் தேடி அலைந்தவர்களிடம் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2019-ல் அவருடைய முதல் கதைத் தொகுப்பு ‘இன்கம்ப்ளீட் சொல்யூஷன்ஸ்’ எடின்பரோவின் லூனா பிரஸ் என்ற சிறு பதிப்பகத்திலிருந்து வந்தது. நல்ல தொகுப்பு, சற்று ஏற்ற இறக்கம் உண்டு. ‘ஐ, ஷிகிடி’ என்ற கதை இதில் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் 2020. தொகுப்பாசிரியராக அவருடைய பெயர் பரவலாக அறியப்பட்ட வருடம். இதற்கும் ஒரு முன்கதை உண்டு. நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர் 2019 அக்டோபரில் தன் வலைப்பூவில் ‘ஆப்பிரிக்கன்ஃபியூச்சரிசம்’ என்பதை வரையறுத்தார். அமெரிக்கக் கறுப்பின அனுபவத்தை மையமாக வைத்துப் பேசப்படும் ஆஃப்ரோஃபியூச்சரிசத்துக்கு உறவுதான், ஆனால் இதன் வேர் ஆப்பிரிக்க மண்ணிலும் வரலாற்றிலும் தொன்மத்திலும் இருக்கிறது, மேற்கு இதன் மையம் அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். அடுத்த வருடமே தலாபி ‘ஆப்பிரிக்கன்ஃபியூச்சரிசம்: ஆன் ஆந்தாலஜி’யைத் தொகுத்தார். ஐனெஹி எடோரோ 2010-ல் தொடங்கிய ‘பிரிட்டில் பேப்பர்’ இலக்கியத் தளம் தன் பத்தாம் ஆண்டை ஒட்டி அதை இலவசமாக வெளியிட்டது. எட்டே கதைகள். டி.எல். ஹுச்சு, டில்மன் டிலா, ரஃபீயத் அலியு, ட்லோட்லோ ட்சமாசே, மாமே பூகுமா டியேனே, மாஸி ந்வோன்வு, டெரெக் லுபாங்ககெனே, ஒகோராஃபோர். ஜிம்பாப்வே, உகாண்டா, நைஜீரியா, போட்ஸ்வானா என்று நாடுகள் பரவியிருப்பதைக் கவனியுங்கள். எட்டுப் பேரில் தலாபி இல்லை என்பதையும் கவனியுங்கள். தொகுப்பாசிரியர் தன் கதையைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் உண்டு, அதில் தப்பும் இல்லை, ஆனாலும் இது எனக்குப் பிடித்தது.

ஒரு கோட்பாடு வலைப்பூவில் கிடந்தால் ஆளாளுக்கு விவாதிப்பார்கள், அவ்வளவுதான். எட்டுக் கதைகளோடு கைக்கு வந்தால் ஆசிரியர்கள் பாடத்திட்டத்தில் வைப்பார்கள். இலவசம் என்பதால் லாகோஸிலும் கம்பாலாவிலும் உள்ள மாணவர்களும் அதைத் திறக்கலாம். சின்னப் புத்தகமாக வைத்ததும் நல்ல முடிவு. முப்பது கதை போட்டிருந்தால் ‘ஆப்பிரிக்க அறிபுனை முழுவதும் இதோ’ என்று காட்டிக்கொள்வதுபோல் ஆகியிருக்கும். எட்டு என்பது ‘இப்படியும் எழுதலாம், பாருங்கள்’ என்று சொல்லும் எண்ணிக்கை. எழுத்தாளருக்கு விருது எப்படியோ அப்படித்தான் தொகுப்பாசிரியருக்கு அவர் நூல் பிறர் வேலையில் பயன்படுவது, அந்த வகையில் இதை அவருடைய முதல் தர மைல்கல்லாக வைப்பேன்.

2022-ல் ‘ஆப்பிரிக்கா ரைசன்’ என்ற பெரிய தொகைநூல் அமெரிக்காவில் டோர்டாட்காம் பதிப்பகத்திலிருந்து வந்தது. ஷெரீ ரெனே தாமஸ், ஒகெனெசொவ்வெ டொனால்ட் எக்பெகி, செல்டா நைட் ஆகிய மூவரும் தொகுத்தது. அதில் தலாபியின் ‘எ ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் மதர்ஸ்’ இருக்கிறது. காலனி ஆட்சி வராமல் போன ஒரு மாற்று வரலாற்றில் யொரூபாக்களின் குடியரசு. எல்லைத் தகராறில் என்ன செய்வது என்று அமைச்சர்கள் கூடி, மறைந்துபோன முன்னோர்களின் நினைவுகளைச் சேர்த்து உருவாக்கிய இயந்திரத்திடம் கனவு வழியாக யோசனை கேட்கப் போகிறார்கள். ‘தி ரிக்ரெஷன் டெஸ்ட்’டில் ஒரு குடும்பத்துக்குள் இருந்த கேள்வி இங்கே ஒரு நாட்டின் கேள்வியாகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லி மாணவர்களிடம் கொடுத்தால் அமர்வு தானாகவே ஓடிவிடும்.

இந்தக் கதை 2023-ல், உலக அறிபுனை மாநாடு தரும் ஹியூகோ விருதின் நெடுங்கதைப் பிரிவில் (சிறுகதைக்கும் குறுநாவலுக்கும் இடைப்பட்ட நீளம்) இறுதிப்பட்டியலில் இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த வருட விருது சீனாவின் செங்டு நகரில் நடந்தது. பிறகு 2024 தொடக்கத்தில் வாக்கு விவரங்கள் வெளியானபோது, சில எழுத்தாளர்கள் காரணம் சொல்லப்படாமலே தகுதியற்றவர்கள் என்று நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது, ஆர்.எஃப். குவாங்கின் ‘பேபல்’ அதில் ஒன்று. தலாபியின் கதை இறுதிப்பட்டியலில் இருந்தது நிச்சயம், அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த வருடத்தின் வாக்கு எண்ணிக்கையை வைத்து ‘இத்தனையாவது இடம்’ என்று எதையாவது நிறுவப் பார்ப்பது உறுதியில்லாத தரையில் கட்டுவது. அமர்வில் ‘ஹியூகோ இறுதிப்பட்டியல், 2023’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

2023 ஆகஸ்டில் முதல் நாவல். ‘ஷிகிடி அண்ட் தி பிராஸ் ஹெட் ஆஃப் ஒபலுஃபோன்’. அமெரிக்காவில் டா பதிப்பகம், பிரிட்டனில் கொலான்ஸ். நான் நினைவில் வைக்கச் சொன்ன கதையின் ஷிகிடிதான் இவன்: கெட்ட கனவுகளைக் கொண்டுவரும் யொரூபாக் குட்டித் தெய்வம். தெய்வங்கள் எல்லாம் ஒரு கம்பெனியாக நடக்கின்றன, பிரார்த்தனைதான் வருமானம், அது வருடா வருடம் குறைகிறது, மேலதிகாரி இலக்கு வைக்கிறார். வேலை வெறுத்துப்போன ஷிகிடியும் அவன் காதலி நெனோமாவும் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து ஒரு பித்தளைத் தலையைத் திருடக் கிளம்புகிறார்கள். இதில் விளையாட்டு மட்டும் இல்லை. 1938-ல் இஃபே நகரில் அரண்மனைக்குப் பக்கத்தில் வீடு கட்ட நிலம் தோண்டியபோது நூற்றாண்டுகள் பழமையான உலோகத் தலைகள் வரிசையாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்று அடுத்த வருடமே லண்டன் போய்ச் சேர்ந்து இன்றுவரை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நாவலின் திருட்டு அந்த உண்மைக்கு மேல்தான் நிற்கிறது. கதையின் காலம் முன்னும் பின்னும் தாவுவது நடுப்பகுதியில் கொஞ்சம் களைப்பாக்குகிறது; அந்த மியூசியக் காட்சிகளில் எல்லாம் ஈடாகிவிடுகிறது.

இந்த நாவல் 2024-ல் நெபுலா விருதின் இறுதிப்பட்டியலில் வந்தது. அதே மேடையில் அவருடைய ‘சாட்டர்டேஸ் சாங்’ நெடுங்கதைப் பிரிவின் இறுதிப்பட்டியலில் இருந்தது. பழைய புதன்கிழமைக் கதையின் அதே சட்டகத்தில் எழுதியது. நெபுலாவை அறிபுனை எழுத்தாளர்களின் சங்கம் தருகிறது, வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்கள். ஹியூகோவில் வாக்களிப்பவர்கள் உலக அறிபுனை மாநாட்டில் சேர்ந்த வாசகர்கள். ஒரே வருடத்தில் நாவலிலும் நெடுங்கதையிலும் சக எழுத்தாளர்கள் ஒருவரை இறுதிக்குக் கொண்டுவந்தார்கள் என்றால் அது கவனிக்க வேண்டியது. இரண்டிலும் அவர் வெல்லவில்லை. நாவல் விருதை வென்றது யார் தெரியுமா? இலங்கையைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர, ‘தி செய்ன்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ நாவலுக்காக. லாகோஸும் கொழும்பும் ஒரே இறுதிப்பட்டியலில் மோதிய வருடம் அது. இருபது வருடம் முன்பு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

2024 பிப்ரவரியில் இரண்டாவது கதைத் தொகுப்பு ‘கன்வர்ஜென்ஸ் பிராப்ளம்ஸ்’, இதுவும் டா பதிப்பகத்திலிருந்து. இதைப் பட்டியல்கள் சும்மா ‘மற்றொரு நூல்’ என்று குறிக்கின்றன. பதிப்புத் தொழிலின் பக்கமிருந்து பார்த்தால் அப்படி இல்லை. பெரிய பதிப்பகங்கள் சிறுகதைத் தொகுப்பென்றால் தயங்கும், விற்காது என்பார்கள். நாவல் ஆசிரியராக ஒருவரை நம்பினால்தான் அவருடைய கதைகளையும் அச்சிடும். 2019-ல் சிறு பதிப்பகத்தில் வந்த கதைக்காரர் ஐந்து வருடத்தில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

நடுவில் இன்னொரு தொகுப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. ‘சவூட்டி’ என்ற கற்பனை உலகம். இரண்டு சூரியன்களைச் சுற்றும் ஐந்து கோள்கள், அங்கே மந்திரம் என்பதே ஒலியால் ஆனது. யூஜென் பேகன், ஸ்டீஃபன் எம்பிள்டன், செரில் ந்டூமி என்று பல நாட்டு ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் சேர்ந்து இந்த உலகத்தை உருவாக்கினார்கள். அதன் முதல் தொகைநூலான ‘மதர்சவுண்ட்’டை 2023-ல் தலாபி தொகுத்தார். சாதாரணத் தொகைநூலில் கதைகள் ஒன்றோடொன்று முரண்படலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பகிர்ந்துகொண்ட உலகத்தில் ஒருவர் கதையில் செத்த கோள் இன்னொருவர் கதையில் உயிரோடு இருக்கக் கூடாது. ஒவ்வொருவர் நடையையும் கெடுக்காமல் இந்தப் பொருத்தத்தைக் காப்பது ஆசிரியருக்கு உயிர் போகும் வேலை. கதைகளின் தரத்தில் மேடு பள்ளம் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் உரிமையையும் உலகத்தையும் எழுத்தாளர்களே கூட்டாக வைத்துக்கொண்ட அந்த ஏற்பாடு மற்றவர்கள் பார்த்துப் படிக்க வேண்டிய ஒன்று.

சரி, எதையெல்லாம் நம்பி மேடையில் சொல்லக் கூடாது? முதலாவது, ‘முதல் ஆப்பிரிக்கர்’ என்று தொடங்கும் வாக்கியங்கள். தலாபியைப் பற்றியும் அவர் காலத்தவர்களைப் பற்றியும் இவை நிறைய உலவுகின்றன. ஒவ்வொன்றும் ஆப்பிரிக்கர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து நிற்கும் அல்லது விழும். ஒகோராஃபோர் அமெரிக்காவில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். ‘பிந்தி’ என்ற குறுநாவலுக்காக 2016-ல் ஹியூகோவும் நெபுலாவும் பெற்றார். டேட் தாம்ப்ஸன் லண்டனில் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்தவர். 2019-ல் ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றார். ஆனால் அதே விருதை 2011-லேயே தென்னாப்பிரிக்காவின் லாரன் பியூக்ஸ் வாங்கியிருக்கிறார். எக்பெகி நைஜீரியாவிலேயே இருந்து எழுதி 2022-ல் நெடுங்கதைக்கான நெபுலாவை வென்றார். இதில் யார் ‘முதல்’? கேள்வியை மாற்றிக் கேட்டால் விடை மாறும். ஆகவே பெயர், விருது, வருடம் மட்டும் போதும், ‘முதல்’ வேண்டாம்.

இரண்டாவது, காரண காரியம். கெய்ன் குறும்பட்டியல் வந்ததால்தான் நாவல் ஒப்பந்தம் வந்தது, இலவசத் தொகைநூல் பரவியதால்தான் ஹியூகோ வாக்காளர்கள் அவரைத் தெரிந்துகொண்டார்கள் என்றெல்லாம் அடுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் வரிசையாக நடந்தது என்பதற்கு மேல் அதற்கு ஆதாரம் காட்ட முடியாது. அதே ஆண்டுகளில் அமெரிக்க இதழ்கள் வெளிநாட்டு எழுத்தாளர்களிடம் கதவைத் திறந்திருந்தன, இணையவழி அனுப்புதல் தபால் செலவை ஒழித்திருந்தது, இவையும் காரணங்களாக இருக்கலாம். எழுத்தாளரா தொகுப்பாசிரியரா, எது பெரிது என்ற உங்கள் துணைக்கேள்விக்கும் என்னிடம் இருப்பது அபிப்பிராயம்தான். இன்றைய நிலவரத்தில் தொகுப்பாசிரியரைத்தான் ஒருபடி மேலே வைப்பேன். அவர் எழுதியதில் சிறந்தவை சிறுகதைகள். அவற்றுக்கு இணையாக வேறு சிலரும் எழுதுகிறார்கள். ஆனால் பட்டியலும் அந்த எட்டுக் கதை நூலும் செய்த வேலையை அப்போது வேறு யாரும் அந்த அளவில் செய்யவில்லை. நாளை இன்னும் இரண்டு நாவல் வந்தால் நானே மாற்றிச் சொல்லக்கூடும்.

வாசிக்கத் தொடங்குவதற்கு: ‘வெனஸ்டேஸ் ஸ்டோரி’ லைட்ஸ்பீட் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, அதை முதலில் எல்லாரிடமும் கொடுத்துவிடுங்கள். அடுத்து பிரிட்டில் பேப்பரின் இலவசத் தொகைநூல்; முழுவதும் முடியாவிட்டால் தலாபியின் முன்னுரையும், அதோடு டில்மன் டிலா, ட்லோட்லோ ட்சமாசே கதைகளும் போதும், இரண்டும் இரண்டு துருவம். பிறகு மூத்தோர் இயந்திரக் கதைகள் இரண்டையும் ஜோடியாக. நாவலைக் கடைசியில் வையுங்கள். அதில் படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவில்லாமல் வருகின்றன, நெனோமா மனிதர்களின் ஆசையை உண்டு வாழ்பவள் என்பதால் அவை கதைக்கு வெளியே நிற்கவும் இல்லை. முதலாண்டு மாணவர்களுக்குப் பொதுவில் வாசிக்கக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். விரும்புபவர்கள் தனியாக வாசித்துக்கொள்ளட்டும்.